பொடித்தால் கருக்கும் பொன், பொடித்தால் வெளுக்கும் கல்: கோலார் தங்க வயலில் ஒளியும் மேற்பரப்பும்

கோலார் தங்க வயலில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880இல் கால் ஊன்றியது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்களை மூடியது. இந்த இடைக்காலத்தில் அங்கே எடுத்த தங்கம் 800 டன்னுக்கும் அதிகம். ஆனால் சாம்பியன் ரீஃபிலும் மைசூர் மைனிலும் உரிகத்திலும் நந்திதுர்க்கிலும் இறங்கிய தொழிலாளர்கள் தோண்டி ஏற்றியது பெரும்பாலும் மின்னாத கல்லைத்தான். தொடக்க காலத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம் கடைசி ஆண்டுகளில் 3, 4 கிராமாக இறங்கிவிட்டது. 4 கிராம் தங்கத்தின் கனஅளவு 0.2 கன சென்டிமீட்டர். ஒரு டன் கல்லில் இருப்பதை முழுவதும் திரட்டினாலும் மூன்று மிளகு அளவுதான் தேறும். அது தூள் தூளாகப் பாறைக்குள் சிதறிக் கிடக்கும்போது கண்ணுக்கு எப்படி மின்னும்?

மின்னுவதை வைத்துப் பொன்னைத் தேட முடியாத ஊர் இது. ஆகவே ஒரு பொருள் ஏன் மின்னுகிறது, ஏன் மங்குகிறது என்ற கேள்வியை ஆராய்வதற்குப் பொருத்தமான ஊரும் இதுவே. சொரசொரப்பான பரப்பு மங்கலாகவும் வழவழப்பான பரப்பு பளபளப்பாகவும் தெரியும் என்பது பள்ளிப் பாடம். அது சரிதான், ஆனால் பாதிதான் சரி. சுரங்கக் கல் ஆலைக்குள் நுழைந்து, சயனைடு மலை எனப்படும் கழிவுமண் குவியலாகவும் தங்கக் கட்டியாகவும் பிரிந்து வெளியே வரும் வரை அதன் கூடவே போய்ப் பார்த்தால், ஒரே சொரசொரப்பு ஒரு பொருளைக் கருக்க வைப்பதையும் இன்னொன்றை வெளுக்க வைப்பதையும் காணலாம். அந்த முரண்பாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழவழப்புக்கு அளவுகோல் எது?

ஒளி ஒரு பரப்பில் விழுந்தால், படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம். இந்த விதி எந்தப் பரப்பிலும் பொய்ப்பதில்லை. பரப்பு மேடுபள்ளமாக இருந்தால் ஒவ்வொரு புள்ளியிலும் பரப்பின் சாய்வு வேறாகிறது. எனவே கதிர்கள் பல திசைகளில் போகின்றன. இதைத்தான் ஒழுங்கற்ற எதிரொளிப்பு என்கிறோம்.

எவ்வளவு மேடுபள்ளம் இருந்தால் பரப்பு சொரசொரப்பானது? இதற்கு இயற்பியலில் வழங்கும் பதில் ராலே பிரபுவின் பெயரால் அறியப்படுகிறது. மேட்டில் பட்ட அலையும் பள்ளத்தில் பட்ட அலையும் திரும்பி வரும்போது ஒன்றுக்கொன்று அதிகம் பிந்தாமல் இருந்தால் அந்தப் பரப்பு வழவழப்பானது. மேட்டின் உயரம், அலைநீளத்தை எட்டாலும் படுகோணத்தின் கோசைனாலும் வகுத்து வரும் அளவுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது கணக்கு. பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 550 நானோமீட்டர். செங்குத்தாகப் பார்த்தால் ஏறக்குறைய 70 நானோமீட்டர்தான் எல்லை. விரலுக்கு வழவழப்பாகப் படும் பல பரப்புகள் இந்தத் தேர்வில் தோற்றுவிடும்.

இந்தக் கணக்கு இரண்டு உண்மைகளைச் சொல்கிறது. ஒன்று, சொரசொரப்பு என்பது பரப்புக்கு மட்டும் உரிய குணம் அல்ல. பார்க்கும் அலைநீளத்தோடு சேர்த்துச் சொன்னால்தான் அதற்குப் பொருள். இரண்டு, கோணமும் அதில் பங்கு பெறுகிறது. 80 டிகிரி சாய்வில் ஒளி விழுந்தால் எல்லை 70இலிருந்து 400 நானோமீட்டர் அளவுக்கு உயர்கிறது. நேராகப் பார்த்தால் மங்கலாக இருக்கும் சிமெண்டுத் தரையும் மர மேசையும் மாலை வெயில் சாய்வாக விழும்போது பளபளப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு மரபுகள்

பரப்புகள் ஒளியை எப்படித் திருப்புகின்றன என்ற ஆய்வின் வரலாற்றில் 1760 ஒரு முக்கிய ஆண்டு. அந்த ஆண்டில்தான் ஜோகான் ஹைன்ரிக் லாம்பர்ட்டின் ஒளி அளவியல் நூலும், 1758இல் மறைந்த பியர் பூகேயின் ஒளி பற்றிய நூலும் வெளிவந்தன. எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும் பரப்பை இலட்சிய மங்கல் பரப்பாக வைத்துக் கணக்குப் போட்டவர் லாம்பர்ட். பூகே வேறு வழியில் போனார். சொரசொரப்பான பரப்பைப் பல திசைகளில் சாய்ந்த நுண்ணிய கண்ணாடிகளின் தொகுப்பாக அவர் கருதினார்.

பூகேயின் எண்ணம் நெடுங்காலம் கழித்து வலுப்பெற்றது. 1967இல் டாரன்ஸும் ஸ்பாரோவும் நுண்கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்று நிழல் விழுத்துவதையும் ஒன்றையொன்று மறைப்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். ஒளி மிகவும் சாய்வாக விழும்போது சொரசொரப்பான பரப்பின் மிகப் பளிச்சென்ற திசை எதிரொளிப்பு விதி சொல்லும் கோணத்தைத் தாண்டி ஏன் விலகுகிறது என்ற புதிர் அதனால் விடுபட்டது. 1982இல் குக்கும் டாரன்ஸும் இதைக் கணினி வரைகலைக்குக் கொண்டுவந்தார்கள். திரையில் பித்தளை பித்தளையாகவும் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்காகவும் தெரியத் தொடங்கியதில் அந்தக் கட்டுரைக்குப் பெரும்பங்கு உண்டு. 1994இல் மைக்கேல் ஓரனும் ஸ்ரீ நாயரும், ஒவ்வொரு நுண்பரப்பும் லாம்பர்ட் சொன்ன மங்கல் பரப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டு, முழு நிலவு ஓரம் வரை ஒரே வெளிச்சமாய்த் தட்டையாகத் தெரிவதற்கு நல்ல விளக்கம் தந்தார்கள்.

இன்னொரு மரபு ஒளியை அலையாகவே வைத்துப் பார்ப்பது. ராலேயிடமிருந்து தொடங்கும் இந்த வழியில் 1963இல் பெக்மனும் ஸ்பிட்சிச்சினோவும் எழுதிய நூல் ஒரு மைல்கல். மேடுபள்ளம் அலைநீளத்தைவிடப் பெரிதாக இருந்தால் நுண்கண்ணாடிக் கணக்கு போதும். அலைநீளத்துக்கு நிகராகவோ சிறியதாகவோ இருந்தால் அலைக்கணக்குதான் சரியான விடை தரும். இரண்டும் போட்டி அல்ல; ஆளுக்கொரு எல்லை. ஆனால் சுரங்கக் கல்லில் மில்லிமீட்டர் முதல் நானோமீட்டர் வரை எல்லா அளவிலும் மேடுபள்ளம் இருக்கிறது. சொரசொரப்பை ஒரே எண்ணால் சொல்லிவிட முடியாது என்பது அதனால்தான். உயரம், சாய்வு, மேடுகளுக்கு இடையிலான தூரம் மூன்றும் வேண்டும்.

காக்காப்பொன், பைரைட், பொன்

1802இல் நில அளவைக்காக இப்பகுதிக்கு வந்த ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, மண்ணை நீரில் அலசித் தங்கம் எடுக்கும் மக்களைப் பற்றி எழுதி வைத்தார். தட்டில் மண்ணை அலசுகிறவர் மூன்று மினுக்கங்களைப் பிரித்தறிய வேண்டும்: காக்காப்பொன் எனும் மைக்கா, பைரைட் எனும் இரும்புச் சல்ஃபைடு, உண்மையான பொன். உலகெங்கும் அலசுகிறவர்கள் கையாளும் சோதனை எளிது: தட்டைத் திருப்பிப் பார், பிறகு நிழலில் வைத்துப் பார். திருப்பும்போது அணைந்து எரிவது பொன் அல்ல. நிழலிலும் மஞ்சளாய் நிற்பதே பொன்.

இந்த அனுபவ அறிவுக்குப் பின்னால் இருப்பது மேற்பரப்பு இயற்பியல். மைக்கா ஏடு ஏடாகப் பிளக்கும். பிளந்த முகம் மிகவும் வழவழப்பு. ஆனால் தன்மேல் விழும் ஒளியில் 5 சதவீதத்தைத்தான் அது திருப்பி அனுப்புகிறது. அதையும் ஒரே திசையில் அனுப்புவதால், நேரடி வெயிலில் சரியான கோணத்தில் கண்ணைப் பறிக்கும். கோணம் தவறினால் ஒன்றுமில்லை. பைரைட் ஏறத்தாழ பாதி ஒளியைத் திருப்பும். அதன் படிக முகங்களும் தட்டையானவை. ஆகவே அதுவும் விட்டுவிட்டு மின்னும்.

தங்கம் மென்மையான உலோகம். மோஸ் அளவில் அதன் கடினம் 2.5 முதல் 3; கூட இருக்கும் குவார்ட்ஸ் 7. ஓடும் நீரில் கல்லோடு உருண்டு அடிபட்ட தங்கத் துகளுக்குத் தட்டை முகமே இராது. அதன் மேல் குழிகளும் வளைவுகளும்தான். அந்தக் குழிகள் ஒளியை எல்லாத் திசையிலும் அனுப்புகின்றன. எனவே தட்டை எப்படித் திருப்பினாலும் கொஞ்சம் ஒளி கண்ணுக்கு வந்துகொண்டே இருக்கும். அந்த ஒளிக்கு நிறமும் உண்டு. தங்கம் சிவப்பு ஒளியில் 95 சதவீதத்துக்கு மேல் திருப்புகிறது. நீல ஒளியில் 40 சதவீதம் அளவுதான். மிச்ச நீலத்தை அதன் எலெக்ட்ரான்கள் விழுங்கிவிடுகின்றன. மைக்காவின் மினுக்கம் வெயிலின் பிரதிபலிப்பு. பொன்னின் மஞ்சள் அந்த உலோகத்தின் சொந்தச் சொத்து.

சுரங்கத்துக்குள் நிலைமை இன்னும் கடினம். தொழிலாளியின் விளக்கு முதலில் மெழுகுவர்த்தி, பிறகு கார்பைடு விளக்கு, பிறகு தலைக்கவச மின்விளக்கு. விளக்கு கண்ணுக்குப் பக்கத்திலேயே இருந்தால், கண்ணை நேராகப் பார்த்திருக்கும் முகங்கள் மட்டும்தான் மின்னும். மற்ற எல்லாத் திசை முகங்களும் ஒளியை வேறெங்கோ அனுப்பிவிடும். கல்லைக் கையில் எடுத்துச் சுழற்றாமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆலைக்குள் நிறம் இழக்கும் பொன்

தங்க வயலின் பழைய ஆலைகளில் கல்லை இடித்து, குழம்பாக்கி, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின் மேல் ஓடவிடுவார்கள். பொன் துகள்கள் பாதரசத்தோடு கலந்து வெளிறிய கூழாக ஒட்டிக்கொள்ளும். அங்கே பொன்னின் நிறம் போய்விடுவது மேற்பரப்பால் அல்ல. பொருளே கலவையாக மாறிவிட்டதால்.

சயனைடு முறையில் நடப்பது வேறு. மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் 1887இல் காப்புரிமை பெற்ற அந்த முறையில், சயனைடு நீரில் கரைந்த தங்கத்தைத் துத்தநாகத்தின் மேல் படிய வைப்பார்கள். படிவது கருநிறச் சேறு. உலகின் மிகப் புகழ்பெற்ற மஞ்சள் உலோகம் கருஞ்சேறாகக் கிடக்கும். துத்தநாகமும் பிற உலோகங்களும் அதில் கலந்திருப்பது ஒரு காரணம். துகளின் நுண்மை இன்னொரு காரணம்.

நுண்மையின் விளையாட்டைத் தூய்மையாகக் காட்டுவது சோதனைக் கூடம். கல்லில் எவ்வளவு தங்கம் என்று கணிக்க, மாதிரியை ஈயத்தோடு உருக்கி, தங்கமும் வெள்ளியும் சேர்ந்த மணியைப் பிரித்து, நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியைக் கரைத்துவிடுவார்கள். மிஞ்சுவது அநேகமாகத் தூய தங்கம். ஆனால் அதன் நிறம் பழுப்பு! வெள்ளி கரைந்து போன இடமெல்லாம் நுண்துளைகளாகி, தங்கம் பஞ்சு போல் நிற்கிறது. அதைச் சூடாக்கினால் துளைகள் மூடிக்கொண்டு மஞ்சள் திரும்பி வரும். ஓர் அணுவும் கூடவில்லை, குறையவில்லை. மேற்பரப்பு மட்டும் மாறியது.

காரணம் இதுதான். உலோகத்துக்குள் ஒளி ஊடுருவிப் போக முடியாது. குழியில் விழுந்த கதிர் சுவருக்குச் சுவர் மோதித்தான் வெளியே வர வேண்டும். ஒவ்வொரு மோதலிலும் தங்கம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். நீல ஒளி இரண்டு மோதலில் 40 சதவீதத்திலிருந்து 16 ஆகும்; சிவப்போ 90க்கு மேல் தாக்குப் பிடிக்கும். எனவே மோதல்கள் கூடக் கூட மஞ்சள் சிவந்து, பழுத்து, இறுதியில் கருக்கும். பொன் கிண்ணத்தின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் செம்மையாகத் தெரிவதும் இதனால்தான். 1930களில் ஏ. எச். ஃபுண்ட் குறைந்த அழுத்த வாயுவில் தங்கத்தை ஆவியாக்கிப் படிய வைத்து, கண்ணுறு ஒளியை ஏறக்குறைய முழுதும் விழுங்கும் கருந்தங்கத்தை ஆராய்ந்தார். வெப்பக்கதிர்களை உணரும் கருவிகளுக்கு அது பயன்பட்டது.

பைரைட்டையும் பொடித்தால் கருக்கும். உரைத்த கோடு பச்சை கலந்த கறுப்பாக விழும். பொன்னை உரைகல்லில் உரைத்தால் மஞ்சள் கோடு விழுவதேன்? பொன் பொடியாவதில்லை, மென்மையால் தகடாக இழுபடுகிறது. உரைகல் கறுப்பாகவும் நுண்மணியாகவும் மினுக்கம் இல்லாமலும் இருப்பதும் காரணத்தோடுதான். கல்லின் சொந்தப் பளபளப்பு குறுக்கிட்டால் கோட்டின் நிறத்தை ஒப்பிட முடியாது.

சயனைடு மலை ஏன் வெளிறியது?

இப்போது மறுபக்கம். தங்க வயலின் பாறை பெரும்பாலும் ஹார்ன்பிளெண்டு செறிந்த கரும்பச்சைப் பாறை. அதன் ஊடே குவார்ட்ஸ் நரம்புகள் ஓடுகின்றன. அந்தக் கல்லை மாவாக அரைத்துத் தங்கத்தைக் கரைத்தெடுத்த பிறகு கொட்டிய மண்ணே ராபர்ட்சன்பேட்டையையும் சாம்பியன் ரீஃபையும் சுற்றி நிற்கும் சயனைடு மலைகள். 13 குவியல்கள், 3 கோடி டன்னுக்கு மேல். கருங்கல்லிலிருந்து வந்த அவை சாம்பல் வெளுப்பாக நிற்கின்றன. உலோகத்தைக் கருக்கவைத்த அதே பொடித்தல் கல்லை வெளுக்கவைத்துவிட்டது.

ஹார்ன்பிளெண்டு பாளமாக இருக்கும்போது மேற்பரப்பில் 6 சதவீதம் ஒளிதான் திரும்பும். மீதி உள்ளே போய், நீண்ட பாதையில் உறிஞ்சப்பட்டுவிடும். கல் கறுப்பாகத் தெரியும். ஒரு கன சென்டிமீட்டர் கல்லின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 75 மைக்ரான் கனசதுரங்களாக அரைத்தால் பரப்பு 800 சதுர சென்டிமீட்டராகிறது. உள்ளே நுழைந்த ஒளி சிறிது தூரத்துக்குள் அடுத்த எல்லையைச் சந்தித்துத் திசை மாறும். உறிஞ்சப்படும் முன்பே வெளியே வந்துவிடும். தனித்தனியாக நிறமற்ற குவார்ட்ஸ் மணிகள் குவியலில் வெள்ளையாவதும் இதே வழியில்தான். சிதறலுக்கும் உறிஞ்சலுக்கும் உள்ள விகிதமே தோற்றத்தைத் தீர்மானிக்கிறது என்று 1931இல் குபெல்காவும் முங்க்கும் சாய அடுக்குகளுக்காகக் கண்ட சமன்பாடு இங்கும் பொருந்தும்.

மழை பெய்தால் இந்த மலைகள் கருக்கும். ஈர மண் ஏன் கறுப்பு என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. 1925இல் ஆங்ஸ்ட்ராம் சொன்னது: மணல்மேல் படர்ந்த நீர்ப்படலத்திலிருந்து வெளியேற முயலும் ஒளி, முழு அக எதிரொளிப்பால் மீண்டும் மண்ணுக்கே திரும்புகிறது. 1986இல் டூமி, போரன், மெர்கென்தாலர் மூவரும் சொன்னது: மணிகளுக்கு இடையே காற்றுக்குப் பதில் நீர் புகுந்தால் ஒளிவிலகல் எண் வேறுபாடு குறைகிறது; ஒவ்வொரு சிதறலும் ஒளியை அதிகம் முன்னோக்கியே தள்ளுகிறது; ஒளி ஆழமாகப் போய் உறிஞ்சப்படுகிறது. குவார்ட்ஸ் காற்றில் 4.5 சதவீதம் ஒளியைத் திருப்பும், நீருக்குள் 0.5 சதவீதம்தான். மணிகள் நெருங்கி, நீர் நிரம்பி நிற்கும் சயனைடு மண்ணுக்கு இரண்டாவது விளக்கமே கூடுதல் பொருத்தம். பாறையைப் பார்க்கும் புவியியலாளர் முதலில் அதை நீரால் நனைப்பதும் இதற்காகவே: மேற்பரப்புச் சிதறல் அடங்கினால் உள்ளே இருக்கும் கனிமத்தின் நிறம் மேலே வரும்.

இதே மலைகளை ரேடார் கண்ணால் பார்த்தால் கதை மீண்டும் மாறும். 2012இல் இஸ்ரோ ஏவிய ரிசாட்-1 செயற்கைக்கோளின் அலைநீளம் 5.6 சென்டிமீட்டர். 40 டிகிரி சாய்வில் ராலே எல்லை கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். நம் கண்ணுக்குச் சொரசொரப்பான அந்த நுண்பொடி, சமமாகப் பரந்த இடங்களில் ரேடாருக்குக் கண்ணாடி. அலையை அப்பால் தள்ளிவிட்டு இருட்டாகத் தெரியும். மழைநீர் அறுத்த ஓடைப் பள்ளங்கள்தான் அதற்குச் சொரசொரப்பு.

மெருகு: வெட்டா, வழிவா?

சொரசொரப்பை நீக்குவது எப்படி நடக்கிறது என்பதிலும் நீண்ட வழக்கு உண்டு. மெருகிடுவது என்பது பெரிய கீறல்களை அகற்றி, கண்ணுக்குத் தெரியாத சிறிய கீறல்களை விட்டுவைப்பதே என்று நியூட்டன் 1704இல் வெளிவந்த தம் ஒளியியல் நூலில் எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் பெய்ல்பி இதை மறுத்தார். மெருகிடும்போது உலோகத்தின் மேற்படலம் திரவம் போல வழிந்து பள்ளங்களை மூடுகிறது என்றார் அவர். தங்கச் சுரங்கங்களுக்குத் தேவையான பொட்டாசியம் சயனைடைத் தயாரிக்க 1890இல் புதுமுறை கண்ட அதே பெய்ல்பிதான் இவர். 1950களிலிருந்து லியோனார்ட் சாமுவேல்ஸ் செய்த ஆய்வுகள் நியூட்டன் பக்கம் சாய்ந்தன: மெருகுத் தூள் உண்மையில் மிக நுண்மையாக வெட்டவே செய்கிறது.

பொற்கொல்லர் பட்டறையில் இரண்டும் நடக்கின்றன. அரத்தால் ராவுவதும் பொடியிட்டுத் தேய்ப்பதும் வெட்டு. வழவழப்பான கடினக் கல்லாலோ எஃகாலோ அழுத்தித் தேய்த்து மெருகேற்றுவது வழிவு. அதில் பொன் துளியும் குறைவதில்லை. ஒரு நகையில் மெருகிட்ட இடமும் மங்கலாக விட்ட இடமும் ஒரே தங்கம்தான். மங்கல் பகுதி செம்மையாகத் தெரிந்தால் அது மாற்று கூடியதற்கு அடையாளம் அல்ல; மோதல்கள் கூடியதற்கு அடையாளம். தஞ்சாவூர் ஓவியத்தில் புடைப்பின்மேல் ஒட்டிய தங்க ரேக்கின் மினுக்கத்திலும் மேற்பரப்பின் வடிவுக்குப் பங்கு உண்டு: வளைந்த பரப்பின் ஏதோ ஒரு பகுதி எந்தக் கோணத்திலும் பார்ப்பவருக்கு ஒளி அனுப்பும்.

மறுகோடியில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி இருக்கிறது. அதன் 18 பெரிலியக் கண்ணாடிகளைச் சராசரியாக 20 நானோமீட்டர் அளவுக்கு வழவழப்பாக்கி, அதன்மேல் 100 நானோமீட்டர் தங்கம் பூசினார்கள். மொத்தத் தங்கம் 48 கிராம். அகச்சிவப்பு ஒளியைத் தங்கம் மிக நன்றாகத் திருப்பும் என்பதால்தான் இந்தத் தேர்வு.

முடிவு

பரப்பு சொரசொரப்பானால் மங்கும் என்ற பொது விதியை இனி இப்படித் திருத்திச் சொல்லலாம். ஒளி நுழைய முடியாத பொருளில் சொரசொரப்பு ஒளியைச் சிறைப்படுத்தும். பொருள் ஆழ்நிறம் பெற்றுக் கருக்கும். ஒளி நுழையக்கூடிய பொருளில் சொரசொரப்பு ஒளியைச் சீக்கிரம் விடுவிக்கும்; பொருள் வெளுக்கும். எது சொரசொரப்பு என்பதை அலைநீளமும் கோணமும் சேர்ந்து தீர்மானிக்கும். நுண்கண்ணாடிக் கோட்பாடும் அலைக் கோட்பாடும் தத்தம் எல்லைக்குள் சரி. எல்லா அளவிலும் மேடுபள்ளம் கொண்ட இயற்கைக் கல்லுக்கு இரண்டையும் பிணைக்கும் எளிய சமன்பாடு இன்னும் கைவரவில்லை.

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இந்த 13 குவியல்களிலும் மீண்டும் தங்கம் எடுக்க ஒப்புதல் தந்தது. மலைகள் கரைந்து போகும் முன் தங்க வயலின் பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களுக்கு ஒரு பாடம் நடத்திவிடலாம். ஒரு துண்டுக் கருங்கல், அதை இடித்த பொடி, ஒரு குவளை நீர், ஒரு கைவிளக்கு போதும். காற்றில் பறக்கும் சயனைடு மண்ணை மட்டும் கையாள வேண்டாம். சாதாரணக் கல்லிலேயே எல்லாம் தெரியும். மஞ்சளாய் மின்னும் எதையாவது யாராவது பொன் என்று நீட்டினால் அந்த மாணவர்கள் செய்ய வேண்டியதும் அதுவே: திருப்பிப் பார்க்கட்டும், நிழலில் பார்க்கட்டும், பிறகு உரசிப் பார்க்கட்டும்.